உப்பளத்துக் கால்களுக்கு ஏற்ற காலணி

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். முத்துக்குளித்துறையின் பழைய துறைமுகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தங்கியிருந்த ஊர். ஊருக்குள் மீன்பிடித் தொழில்தான் பிரதானம். சுற்று வட்டாரத்திலோ உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. அந்த உப்பை வாருகிறவர்கள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் பக்கம் போனேன்.

அளத்து வேலை விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. வரப்பில் உட்கார்ந்து ஒரு அக்கா காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். குதிகாலில் வெடிப்பு, விரலிடுக்கில் ஆறாத புண், பெருவிரல் ஓரத்தில் உப்புக்கல் கீறிய புதுக் காயம். பழைய சாக்ஸை மாட்டி, அதன்மேல் கிழிந்த சேலைத் துணியை இறுக்கிச் சுற்றினார். பக்கத்தில் ஒரு ஜோடி கம்பூட் சும்மா கிடந்தது. அதை ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

“போட்டுப் பாத்தாச்சு தம்பி. எல்லாம் ஆம்பள அளவு, காலு உள்ள கெடந்து ஆடுது. குனிஞ்சு வாரும்போது தண்ணி உள்ள எறங்கிருது. பொறவு நாள் பூரா அந்தத் தண்ணியிலதான் நிக்கணும். அதுக்கு வெறுங்காலே தேவல.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உப்புநீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் கடல்நீர் சுமார் 3 டிகிரி. தெப்பம் என்னும் தேக்கத்தில் வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போதுதான் பாத்தியில் உப்பு படியத் தொடங்கும். அந்த அடர்த்தியில் தண்ணீரின் எடையில் கால் பங்குக்கும் மேல் உப்பு. தோலின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பில் மறுபடி உப்பே இறங்கும். அதே தண்ணீர் பூட்ஸுக்குள் தேங்கி, கூடவே உப்புக்கல்லும் சேர்ந்தால் நடக்க நடக்கக் கால் உரசிப் புண்ணாகும்.

இன்னொரு பெரியவர் வேலை வாரியாக விளக்கினார். மழைக்காலம் முடிந்து பாத்தி மிதிக்கும்போது வெறுங்கால்தான் வேண்டும். எந்த இடத்தில் தரை இளகியிருக்கிறது என்று பாதம்தான் சொல்லும். பூட்ஸ் சேற்றில் புதையும். உப்பு வாரும்போது கல் கீறாமல் கால் மூடியிருக்க வேண்டும். தலைச்சுமையோடு வரப்பில் ஏறி, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டில் கொட்டும்போது வழுக்காத அடிப்பாகம் வேண்டும். சறுக்கினால் இடுப்பு போய்விடும். இத்தனை வேலைக்கும் ஒரே கம்பூட்டை நீட்டினால் அது கொட்டகை மூலையில்தான் கிடக்கும்.

என்ன பொருளில் செய்தது என்பதும் முக்கியம். தோல் பூட்ஸ் இங்கே ஆகாது. நனைந்து காயும்போதெல்லாம் தோலின் துளைக்குள் உப்பு படிகமாகி அது விறைத்து வெடிக்கும். இரும்பு வளையங்கள் துருப்பிடிக்கும். மலிவான பிவிசி உப்பைத் தாங்கும், ஆனால் வெயிலில் இறுகிக் கணுக்கால் மடியும் இடத்தில் விரிசல் விடும். வாங்கும்போது அந்த மடிப்பை வளைத்துப் பார்க்க வேண்டும். தையல் இல்லாமல் ஒரே அச்சில் வார்த்ததாக, உள்ளே துணி ஒட்டாததாக, கழற்றிக் கழுவும் உள்தகடு உள்ளதாக, வெளிர்நிறத்தில், கெண்டைக்காலைக் கவ்விப் பிடிக்கும் வாயோடு இருப்பது நல்லது. பிவிசி தொழில் பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால்தான் உழைக்கும். அளத்தில் நல்ல தண்ணீருக்கே தட்டுப்பாடு என்பதால், பூட்ஸ் கொடுப்பவர் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தாக வேண்டும்.

பனிமலை ஏறுபவர்கள் பூட்ஸ் வாங்கும் முறையை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மலையில் போடப்போகும் அதே காலுறையோடு கடையில் மாட்டி நடந்து பார்ப்பார்கள். விரல் நுனியில் இடம் இருக்கிறதா, குதிகால் தூக்குகிறதா என்று சோதிப்பார்கள். கடுங்குளிருக்கான இரட்டைப் பூட்ஸில் உள்ளுறையைத் தனியே கழற்றி உலர்த்தலாம். பூட்ஸ் சரியில்லாவிட்டால் விரல் போய்விடும் என்பதால் அவ்வளவு கவனம். உப்பளத்தில் விரல் ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாகிறது. அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் வெளிநாட்டுக் கால்களுக்குக் காலணி செய்து அனுப்புகின்றன. 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது; காலணி வடிவமைப்பிலும் அதற்குத் தேர்ச்சி உண்டு. இத்தனை அறிவு உள்ள மாநிலத்தில் உப்பு வாரும் பெண்ணின் பாதத்துக்கு அளவெடுக்க ஆளில்லை என்பது ஏற்கத்தக்கதல்ல. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தது. அது நல்ல காரியம். வேலை நடக்கும் மாதங்களில் காலைக் காப்பதும் அதே அளவுக்கு அவசியம்.

உப்பள உரிமையாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மொத்தமாக வாங்கும் முன் பெண்களின் கால் அளவை எடுங்கள். சில ஜோடிகளை ஒரு பருவம் போட்டு உழைக்கக் கொடுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு வாங்குங்கள்.