தவில்காரருக்கு ஒரு கை குறையுது

மதுரையிலிருந்து மாற்றலாகி திருவனந்தபுரம் ஆரியசாலைக்குக் குடிவந்த அன்று லாரிக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. "கொலுப் பெட்டியை நானே தூக்குறேன்" என்று வீறாப்பாகக் கிளம்பியவன் அடியேன்தான். மாடிப்படியில் கால் இடறியது. விளாச்சேரியில் அம்மா வாங்கிய கல்யாண ஊர்வல செட்டில் தவில்காரரின் இடது கை தோளோடு போச்சு. சுக்குநூறு.

அம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மூளியானதக் கொலுவுல வைக்கக் கூடாதுப்பா, ஆத்துல விட்டுரு" என்றதோடு சரி. ஊரை விட்டு வந்ததிலிருந்தே அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

நிற்க. பத்தாவது படிக்கும் எங்கள் ஜூனியருக்கு ஒரு கிறுக்கு உண்டு. 1987-ல் இங்கிலாந்தில் வெளியான வார்ஹேமர் 40,000 என்ற மேஜை விளையாட்டின் விண்வெளிச் சிப்பாய்கள். ஆள் கட்டைவிரல் உயரம்தான். விலையைத் தங்கமணியிடம் சொல்வதில்லை :-) பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாக வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். உடம்பைவிடத் தலையும் கையும் அதிகமாகவே இருக்கும். மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டுவைத்து, ஒருத்தன் தலை, இன்னொருத்தன் கை, பழைய பேனா மூடி என்று சேர்த்துப் புதுசாக ஒரு ஆளை உண்டாக்குவான். கிட்பேஷிங் என்று பெயராம். 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் விண்கலங்களிலேயே கடையில் விற்கும் டாங்கி, விமான மாடல்களின் உதிரிகளைத்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

என் பி.காம் மூளைக்கு அந்த டப்பா ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தக் கணக்கு என்று தெரியும்வரை அங்கேயே கிடக்கும்.

"அப்பா, தவில்காரரை என்கிட்ட கொடுங்க" என்றான்.

இருப்பதிலேயே பெரிய சிப்பாயின் இடது கையை எடுத்தான். வாளை வெட்டிவிட்டு, பல்குத்தும் குச்சியைத் தவில் குச்சியாக வைத்தான். பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. மண் பொம்மையிடம் அதன் பருப்பு வேகாது. அதனால் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, ஜெம் கிளிப்பை நிமிர்த்திச் செருகி, சூப்பர் க்ளூ வைத்தான். (கிளிப் மட்டும் என் பங்களிப்பு.) இடைவெளிக்கு எம்-சீல். கவசத்தை அரம் போட்டுத் தேய்த்தும் தோள் கொஞ்சம் புடைப்பாகவே நின்றது. பெயிண்டைத் தண்ணீர்விட்டு இளக்கி இரண்டு கோட். புதுக்கை பளபளவென்று காட்டிக்கொடுத்ததால், நீர்த்த பழுப்பு நிறத்தை மேலே ஓடவிட்டான். மடிப்புகளில் அது தங்கியதும் கைக்கும் வயசாகிவிட்டது.

நவராத்திரி வந்தது. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னூற்று நங்கை மூவரும் இங்கே எழுந்தருளும் நாட்கள். 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எல்லை தாண்டி வருகிறார்கள். குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோயிலில்தான். நம்மைப் போல மாற்றல். ஆனால் திரும்பிப் போகும் ஆர்டரும் கையிலேயே!

முருகனைப் பார்த்துவிட்டு வந்த அம்மா கொலு முன்னால் நின்றார். தவில்காரரை எடுத்தார். தோளை நகத்தால் சுரண்டினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தோளு தடிச்சிருக்கே... வாசிக்கிறவனுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று படியிலேயே வைத்துவிட்டார்.

பிறகு உள்ளே போய்த் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கோபால் பல்பொடி டப்பாவைக் கொண்டுவந்து பேரனிடம் நீட்டினார். உள்ளே கிருஷ்ணனின் புல்லாங்குழல் நுனி, கிளி மூக்கு, மயில் கொண்டை. எத்தனை வருஷத்து உடைசலோ!

"இதெல்லாம் ஆத்துல விடலியா, அப்பத்தா?"

"வைகையில என்னைக்குடா தண்ணி இருந்துச்சு? மொதல்ல அந்தக் கிளிக்கு மூக்க வையி."

அன்று ராத்திரி பதினோரு மணிவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.