பட்டறையில் ஓர் அத்தியாயம்

பொது நிர்வாகத்திலும் பொதுக்கொள்கையிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நாங்கள் ஆறு பேர், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு இணையவழிக் காணொளியில் கூடுகிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து மூவர், தில்லியிலிருந்து ஒருவர், எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு தோழி. 'பின்னூட்டப் பட்டறை' என்று பெயர் வைத்திருக்கிறோம். நண்பர்கள் நகைக்க வேண்டாம். பெயர் பெரிதுதான், கூடுவது என்னவோ கைப்பேசித் திரையில்.

பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நிற்கிறோம். அங்கே ஓர் அத்தியாயத்தை முழுதாக வாசிக்க எவருக்கும் நேரமிருப்பதில்லை. மேற்கோள் வடிவத்தைத் திருத்தச் சொல்வார்கள், தேநீர் வந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்கவே பட்டறை. ஆனால் முதல் சில மாதங்களில் நாங்களும் 'அருமை', 'சிறப்பு' என்பதற்கு மேல் போகவில்லை. ஒருவர் மனம் நோகாமல் காப்பதில் தமிழர்கள் வல்லவர்கள்.

வின்சென்ட் ஆஸ்ட்ரமும் எலினார் ஆஸ்ட்ரமும் 1973இல் இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு மையத்துக்குப் 'பட்டறை' என்றே பெயரிட்டிருந்தார்கள். தச்சுப் பட்டறையில் பாதி செய்த நாற்காலியை நடுவில் வைத்துப் பேசலாம். செய்தவர் அதற்காகக் கூச வேண்டியதில்லை. அதை நினைத்து எங்களுக்கும் ஒரு விதி செய்துகொண்டோம். எழுதியவர் பேசக்கூடாது. அவருடைய அத்தியாயம் என்ன சொல்கிறது என்பதை இன்னொருவர் எடுத்துரைக்க வேண்டும். எழுதியவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்விதி முதலில் காயப்படுத்தியது முகத்துவாரக்குப்பத்துத் தோழியைத்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படிந்தது. அதற்கு அரசு அறிவித்த நிவாரணமே அவருடைய அத்தியாயம். 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளைச் செப்பனிடத் தலா 10,000 ரூபாய். கூட்டினால் 8.68 கோடி. அட்டவணைகள் சுத்தமாக இருந்தன. கீழே ஒரு வாக்கியம்: 'பாதிப்பின் அளவுக்கேற்ப நிவாரணம் வகைப்படுத்தி வழங்கப்பட்டது.'

எடுத்துரைத்த யாழ்ப்பாண நண்பர் அவ்விடத்தில் நின்றுவிட்டார். எண்ணூரை அவர் கண்டதில்லை. "இந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லையே. அளந்தது யார்? பன்னிரண்டரை ஆயிரத்துக்கும் ஏழரை ஆயிரத்துக்கும் நடுவில் கோடு கிழித்தது யார்? கழிமுகச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளரைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் எழுதுறா. அவை எந்தப் பட்டியலில் வந்தவை?" என்று கேட்டார். தோழியின் காமிரா அணைந்தது. இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைத்தோம்.

நான்கு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவர் வீடு ஒரு பட்டியலில் இருந்ததாம், பெரியம்மா வீடு மற்றதில். அன்றிலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டுமென்று அதை அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டாராம். எடுத்த இடத்தில்தான் அந்த எழுவாயற்ற வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தில்லி நண்பர் இதை ஏற்கவில்லை. குடும்பச் சண்டை தரவாகாது. பேரிடர் நேரத்தில் எந்தப் பட்டியலும் கரடுமுரடாகத்தான் இருக்கும். துல்லியத்துக்குக் காத்திருந்தால் பணம் அடுத்த மழைக்குத்தான் வந்து சேரும் என்றார். அவர் சொன்னதில் பாதி சரியென்றே எங்களுக்குப் படுகிறது. ஆனால் பட்டியல் கரடுமுரடானது என்று எழுதுவதும், அளவுக்கேற்ப வழங்கப்பட்டது என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரவு பன்னிரண்டு மணிவரை வாதிட்டும் முடிவு எட்டவில்லை.

தோழி இப்போது அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறார். தாம் எந்தப் பட்டியலைச் சேர்ந்த வீட்டிலிருந்து எழுதுகிறார் என்பது முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் எவரைக் கேட்டார்கள், எந்தத் தெருவில் நின்றார்கள் என்று வீடு வீடாக விசாரிக்கிறார். பெரியம்மா வீட்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். வழிகாட்டி அந்த முதல் பக்கத்தை விட்டுவைப்பாரா என்பதும் தெரியவில்லை.

வரும் இரண்டாம் சனிக்கிழமை தில்லி நண்பரின் அத்தியாயம். எடுத்துரைக்கப்போவது முகத்துவாரக்குப்பத்துத் தோழி. நண்பர் இரண்டு நாளாகத் தம் வாக்கியங்களில் எழுவாய் தேடிக்கொண்டிருக்கிறாராம்.