மொட்டைமாடியில் ஒரு ஏரோப்ளேன்

"ஏங்க, ஏரோப்ளேன் வாங்கறது இருக்கட்டும். மொதல்ல கேஸ் புக் பண்ணிட்டீங்களா?"

என் சகதர்மிணி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். பண்ணவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருப்பவனுக்கு விமான ஆசை வந்தால் அதற்கு அவன் பொறுப்பல்ல. காற்றுதான் பொறுப்பு! மேற்கிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கடல் பக்கமாக வந்து, அடையாறு ஆற்றை ஒட்டி எங்கள் தலைக்கு மேலேதான் போகும். ரன்வே இங்கிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் கணக்குப் போட்டால் உயரம் 1,700 அடி வருகிறது. பி.காம் படித்தவனுக்கு டிரிக்னாமெட்ரி எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு இதோ பதில்.

பேட்டை பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சின்னச் சுற்றுலா. மந்தைவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி தெற்கே நடந்தால் எங்கள் ஊர். கேரளக் கட்டடக்கலையில் ஐயப்பன் கோயில். சைரன் வைத்த கார்கள் போய்வரும் கிரீன்வேஸ் சாலை. கொஞ்சம் தள்ளி, ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் செட்டிநாடு அரண்மனை. அதைக் கட்டிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயர்தான் பேட்டைக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தியசாபிகல் சொசைட்டித் தோட்டம். சாயங்காலம் திரு.வி.க. பாலத்தில் நின்றால் காற்று இலவசம். ஆற்று வாசனையும் இலவசம், வேண்டாமென்றாலும் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்ட பேட்டையில், எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில், தினமும் மாலை ஐந்தரைக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருபவர் ஒருவர் உண்டு. கிரவுண்ட் ஃப்ளோர் பெரியவர். வயது 86. பாங்க்கில் மானேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். மெயின்டனன்ஸ் கணக்கில் மூன்று ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனாலேயே அசோசியேஷன் செயலாளர் அவரைக் கண்டால் லிஃப்டைத் தவிர்த்துப் படிக்கட்டில் ஓடுவார்.

நான் ஒருநாள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"சார், வெளிநாட்டுல எல்லாம் பழைய மிலிட்டரி டிரெயினிங் விமானத்தை சொந்தமா வாங்கி, ஞாயித்துக்கிழமை ஓட்டறாங்களாம். டைகர் மாத்துன்னு ஒண்ணு. நாமளும் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே நிறுத்துவே தம்பி? உன் ஸ்கூட்டருக்கே பார்க்கிங் இல்லே."

* * *

டைகர் மாத் என்பது கொசுவலைக்கும் கட்டைவண்டிக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். இரட்டை அடுக்கு இறக்கை. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டி, மேலே பசை மாதிரி ஒரு வார்னிஷைப் பூசினால் இறக்கை தயார். 1931-ல் இங்கிலாந்தில் முதலில் பறந்தது. டி ஹாவிலண்ட் கம்பெனித் தயாரிப்பு. மொத்தம் 8,000-க்கும் மேல் செய்தார்கள். 130 குதிரைசக்தி இன்ஜின். இன்றைக்கு ஓர் உசத்தியான காருக்கே அவ்வளவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பைலட்டுகளும் நம்ம பையன்களும் முதல் பாடம் படித்தது இதில்தான்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருத்தர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட வேண்டும், பழைய லாரிக்கு ஹாண்டில் போடுகிற மாதிரி. பிரேக்கும் கிடையாது. தரையில் ஓடும்போது மூக்கு மறைத்துக்கொண்டு முன்னால் ஒன்றும் தெரியாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க வேண்டும். வாத்தியார் முன் சீட். மாணவன் பின் சீட். வாத்தியார் பேசுவது ஒரு ரப்பர் குழாய் வழியாக வரும். தனியாகப் பறக்கும்போதும் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும். முன் சீட் எடை மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானத்தின் பாலன்ஸ் அதிகம் மாறாது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்கு மேல் பெரியவர் சொன்னது.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அப்புறம் சொல்றேன். உன் கணக்கை முதல்ல கொண்டா."

கணக்கு என்றால் எனக்கு உற்சாகம். நோட்டைத் திறந்து காஸ்ட் அக்கவுண்டிங் முறைப்படி எழுதினேன். பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆகும் செலவு: நிறுத்துமிட வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை, லைசென்ஸ் பெற்ற இன்ஜினீயர் கையெழுத்து. பறந்தால் ஆகும் செலவு: விமானப் பெட்ரோல், ஆயில். கடைசியாக எல்லோரும் மறக்கும் ஐட்டம்: என்றைக்காவது ஒருநாள் இன்ஜினைப் பிரித்து மேய வேண்டி வருமே, அதற்காகப் பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் தனியாக எடுத்துவைக்க வேண்டிய தொகை. இதை எடுத்துவைக்காதவர்கள்தான் சீக்கிரம் விமானத்தை விற்கிறார்கள்.

ஒரே ஆறுதல், தேய்மானம். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் எதை வாங்கினாலும் வருஷா வருஷம் மதிப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார். நன்றாக வைத்திருந்த பழைய விமானத்துக்கு விலை ஏறிக்கொண்டுதான் போகும். வாத்தியார் பாவம், டைகர் மாத்தைப் பார்த்ததில்லை.

"வெள்ளைக்காரன் ஊர்லயும் எல்லாரும் கோடீஸ்வரன் இல்லே. பத்துப்பேர், இருபதுபேர் சேர்ந்து ஒரு விமானம் வாங்குவான். ஆளுக்கொரு பங்கு. மாசச் சந்தா. முறை வெச்சு ஓட்டுவான்" என்றார் பெரியவர்.

"நம்ம ஊர் சீட்டு மாதிரி!"

"சீட்டேதான். ஒரு வித்தியாசம். இதுல பணத்தைத் தூக்கிட்டு ஓடறவன் பறந்தே ஓடலாம்."

* * *

நம் ஊரில் இந்தக் கிறுக்கு புதுசில்லை. மவுன்ட் ரோடில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், 1910-ல் சிம்ப்ஸன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டவைத்து, தீவுத்திடலில் ஜனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு பறந்து காட்டினார். இட்லி வடை வியாபாரத்தில் சம்பாதித்தால் ஏரோப்ளேன் வாங்கலாம் என்று அன்றே நிரூபித்தவர். (அவர் ஓட்டலில் இட்லி கிடைத்ததா என்று கேட்காதீர்கள்!) 1932-ல் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. அதற்குள் இங்கே மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பும் வந்தாகிவிட்டது.

எங்கள் பேட்டைப் பெயருக்குரிய நகரத்தார் சமூகத்திலேயே ஒரு விமானி உண்டு: வள்ளல் அழகப்பச் செட்டியார். பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர், பக்கத்தில் கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் வாங்கினார். சுதந்திரத்துக்குப் பின் ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தினார். போர் முடிந்து மிச்சமான ராணுவ டகோட்டாக்கள் பயணி விமானமாக வேஷம் மாற்றிய காலம் அது. கம்பெனி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. காரைக்குடியில் அவர் கட்டிய கல்லூரிகள் நிலைத்தன. இன்றைக்கு எத்தனை பி.காம்., பி.எஸ்ஸி.க்கள் அவர் பேரைச் சொல்லிச் சாப்பிடுகிறார்கள்!

போர் மிச்சம் என்றால் விமானம் மட்டுமா? நம் இளைஞர்கள் மோட்டார் ரேஸ் பார்க்கப் போன சோழவரம்கூட போர்க்கால ரன்வேதான்.

"அப்போ மத்த பழைய விமானமெல்லாம் எங்கே சார் போச்சு?"

"பாதி காயலாங்கடைக்கு. மீதியை வெளிநாட்டுக்காரன் வந்து தேடித்தேடி வாங்கிட்டுப் போயிட்டான்."

நிஜம்தான். இந்திய விமானப்படை 1968 வரை ஓட்டிய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்று லண்டன் மியூசியத்தில் நிற்கிறது. ஸ்பிட்ஃபயர்களும் அப்படிக் கடல் தாண்டின. நமக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. 2012 அக்டோபர் 8 அன்று, விமானப்படையின் 80-வது ஆண்டு விழாவில், பிரிட்டனில் புதுப்பித்து வந்த ஒரு டைகர் மாத் ஹிண்டன் தளத்தில் பறந்தது. 2018-ல் ராஜீவ் சந்திரசேகர், தன் சொந்தச் செலவில் ஒரு டகோட்டாவை வாங்கிச் செப்பனிட்டு விமானப்படைக்குக் கொடுத்தார். பெயர் பரசுராமா. அவருடைய அப்பா விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். அப்பாவுக்குப் பிள்ளை செய்யும் மரியாதையில் இப்படியும் ஒரு தினுசு.

"சரி, டைகர் மாத் கிடைக்கலைன்னா நம்ம ஹெச்.ஏ.எல். தீபக் விமானம் வாங்கலாமே? நம்ம விமானப்படையே பைலட்டுங்களைப் பழக்கின விமானம்..."

பெரியவர் முகம் மாறியது. "ஹெச்.பி.டி-32வா? வேண்டாம். நடுவானத்துல இன்ஜின் நின்னுடும். எத்தனை பசங்க போயிட்டாங்க! 2009-ல ஒரு விபத்துல ரெண்டு பேர் போனப்புறம்தான் மொத்தமா நிறுத்தினாங்க. பழசுன்னா எல்லாம் பழைய வெள்ளிப் பாத்திரம் இல்லே தம்பி."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. ஒரு விமானம் சக்கரத்தை இறக்கியபடி எங்களைக் கடந்து போனது.

* * *

மறுநாள் அவரே ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே அட்டை நைந்த ஒரு நோட்டு. விமானியின் லாக் புக்.

1959. பெரியவருக்கு இருபது வயது. காலேஜ் மாணவர். மீனம்பாக்கத்தில் டைகர் மாத் கற்றுக்கொண்டிருக்கிறார். பணம் கொடுத்தது அப்பா. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு வீட்டில் உலை பொங்காது என்பதால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த ரகசிய ஒப்பந்தம். "டைப்ரைட்டிங் கிளாஸ் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாராம்.

"ஒருநாள் தனியா பறக்க விட்டாங்க. அப்போ இந்தப் பேட்டையில வீடே கம்மி, எல்லாம் தோப்பு. மேலேர்ந்து ஆறு, முகத்துவாரம், அரண்மனை எல்லாம் படம் போட்ட மாதிரி இருந்தது. எங்க வீட்டு மாடி தெரிஞ்சுது. மாடியில வெள்ளையா ஒரு வேட்டி, பக்கத்துல ஒரு சிவப்புப் புடவை. அம்மா! வடாம் பிழிஞ்சு காயவெச்சுட்டு உக்காந்திருக்கா. நான் இறக்கையை இப்படி அப்படி ஆட்டினேன்."

"அம்மா பார்த்தாங்களா?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா சொல்றா, 'இன்னிக்கு ஏதோ ஒரு ஏரோப்ளேன் ரொம்பத் தாழ்வா போச்சுடா. நல்லதாப் போச்சு, காக்கா எல்லாம் ஓடிப்போச்சு'ன்னு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"அப்புறம் எப்போ சார் சொன்னீங்க?"

"சொல்லலே. லைசென்ஸ் வாங்கிட்டு, அதைக் காட்டிச் சொல்லணும்னு இருந்தோம், அப்பாவும் நானும். அந்த வருஷக் கடைசியில அப்பா போயிட்டார். நான் பாங்க் பரீட்சை எழுதினேன். அதுக்கப்புறம் சொன்னா, நமக்காக இவன் இதை விட்டுட்டானேன்னு அம்மா அழுவா. எதுக்கு? அவளுக்குக் காக்கா ஓட்டின ஏரோப்ளேனாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

லாக் புக்கில் கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை இருந்தது. பாங்க்காரர் ஆவதற்கு முன்பே அழகான எண்கள். மொத்தம் 23 மணி.

இன்றைய விதிப்படி பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் லைசென்ஸுக்கு, பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும், பத்தாவது பாஸ், மெடிக்கல், எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரம் பறந்த அனுபவம். பைலட் ஆகும் ஆசையில் டேராடூன் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பிய அப்துல் கலாம், 2006-ல் ஜனாதிபதியாக சுகோய் விமானத்தில் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74. எல்லோருக்கும் ஜனாதிபதி ஆகிற வசதி இருக்காது.

"40-ல 23 போனா எவ்வளவு?" என்றார் பெரியவர், பாங்க் மானேஜர் குரலில்.

"17 சார்."

"வருஷக் கடைசியில மீதி இருந்தா கணக்குல என்ன செய்வே?"

"அடுத்த வருஷத்துக்கு எடுத்துக்கிட்டுப் போவோம்."

"எடுத்துக்கோ" என்று லாக் புக்கை என் கையில் வைத்தார். "ஏரோப்ளேன் வாங்கறதை அப்புறம் பாக்கலாம். முதல்ல ஓட்டக் கத்துக்கோ. விமானம் வெச்சிருக்கறவன் எல்லாம் பறக்கறவன் இல்லே."

அடுத்தவர் மணி நேரத்தை என் பெயரில் கணக்கெழுத எந்த அதிகாரியும் சம்மதிக்கமாட்டார். எனக்கு 40-ம் முதலிலிருந்துதான். இது பெரியவருக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

கீழே வந்து கேஸ் புக் செய்தேன். பிறகு சம்சாரத்திடம், மாதாமாதம் ஒரு தொகை தனியாகக் கட்டப்போகிறேன் என்று சொன்னேன்.

"எதுக்குங்க?"

ஒரு நிமிஷம் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அப்புறம், "என்னிக்காவது ஓட்டினீங்கன்னா, நம்ம மாடி மேல ஒரு தடவை வாங்க. நான் வடாம் போடறேன்" என்றாள்.