ஆவரேஜ் போடுகிறவர்களுக்கு

"சராசரி விலையை ஆப்பே போட்டுக் காட்டுதே ஐயா, இனி உங்க மாதிரி ஆளுக்கு என்ன வேலை?" என்று ஹட்டன் டவுனில் ஒரு தம்பி கேட்டார். பங்குத் தரகில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆப் காட்டும்தான். அது காட்டாததைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம் தந்தார்கள்.

கொழும்புச் சந்தையில் விலை 10 சதம் 10 சதமாகத்தான் நகரும். 20 சதத்தில் கிடக்கும் பங்கு ஒரு படி ஏறினால் 50 வீத லாபம், இறங்கினால் பாதிப் பணம் போச்சு. அதில் விலை இறங்க இறங்க இன்னும் வாங்கி ஆவரேஜ் போடுவதே வினை. கம்பனி பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்துவிட்ட பிறகும் போடுகிறவரை என்ன சொல்ல? 2010, 2011-இல் கம்பனிகள் ஒன்றைப் பலதாகப் பிரித்துக் கொடுத்த குஷியிலேயே நம்மவர்கள் பழகிவிட்டார்கள். பத்தை ஒன்றாக்கும் அறிவித்தல் வந்தால் அதையும் நல்ல சேதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒருவர் 5 ரூபா வீதம் 10,000 பங்கு வாங்குகிறார். விலை 1 ரூபாவுக்கு வருகிறது. கம்பனி பத்துக்கு ஒன்றாகச் சேர்க்கிறது. இப்போது கையில் 1,000 பங்கு, சந்தை விலை 10 ரூபா. பங்கு வாங்கியபோது தரகர் தந்த பழைய போட் நோட்டில் 5, திரையில் 10. மனுசன் லாபம் என்று நினைக்கிறார். அவருடைய அடக்க விலை 50 ரூபா என்று விளங்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். பிறகு விலை 6 ரூபா ஆகிறது. இன்னும் 1,000 வாங்குகிறார். சராசரி 28 ரூபா. "பாதியாக் குறைச்சிட்டேன்" என்கிறார். வாங்குவதற்கு முன் நட்டம் 44,000 ரூபா, வாங்கிய பின்னும் அதே 44,000. தரகுக் கூலி தனி. அவர் தலை நிமிர, விலை நாலரை மடங்குக்கு மேல் ஏற வேண்டும்.

இதை எனக்குப் படிப்பித்தவர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர். 1990களில் தோட்டங்கள் தனியாரிடம் போனபோது தொழிலாளர்களுக்குப் பத்து வீதப் பங்கு இலவசமாகக் கிடைத்தது. அந்தக் கடதாசி என்னவென்று தெரியாமல் லயத்தில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தவர்களுக்கு அவர்தான் விளக்கம் சொல்வார். கூட நான். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோல் எழுதிய கை அவருடையது. தன் பங்குக் கொப்பியில் சராசரி என்ற நிரலையே அவர் கோடு போடவில்லை. போட்ட பணம், இன்றைய பெறுமதி, அவ்வளவுதான். நான் ஒருமுறை சராசரி எழுதிக் காட்டியதும் பேனையை வாங்கி வெட்டினார். "கொழுந்தில்லாத மலையை நல்ல மலையோட சேர்த்துச் சராசரி எழுதினா துரைக்குக் கணக்கு அழகா இருக்கும். அந்த மலையில ஒரு கிலோ கூடுமா?"

இன்னும் வாங்கலாமா என்று வருகிறவரிடம் அவர் விலையையே கேட்கமாட்டார். கம்பனிக்குக் கடன் எவ்வளவு, அடுத்த தவணை கட்டக் காசு இருக்கா, எதுக்குச் சேர்த்தான், இனி உரிமைப் பங்கு கேட்டு வருவானா என்றுதான் கேட்பார். பதில் தெரியாதவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சேர்ப்பதெல்லாம் சாவு இல்லை. சிட்டிகுரூப் 2011-இல் பத்துக்கு ஒன்றாகச் சேர்த்தது, இன்றும் நிற்கிறது. ஆனால் அமெரிக்காவின் முல்லன் ஆட்டோமோட்டிவ் 2023 என்ற ஒரே ஆண்டில் 25-க்கு ஒன்று, 9-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று என மூன்று தரம் சேர்த்தது. பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் 22,500 பங்கு வைத்திருந்தவருக்கு ஆண்டு முடிவில் மிஞ்சியது ஒன்று. ஒவ்வொரு தரமும் "இனி இறங்காது" என்று ஆவரேஜ் போட்டவர்களும் இருந்திருப்பார்கள்தானே.

இப்போதைய இளம் ஆலோசகர்கள் விடியும் முன்னே வாட்ஸ்அப்பில் "இன்னைக்கு ஆவரேஜ் பண்ணுங்க" என்று அனுப்புகிறார்கள். வாங்கினாலும் கூலி, விற்றாலும் கூலி, அவர்களுக்கென்ன? கம்பனியின் ஆண்டறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். லிங்க் உடனே வரும். அதில் கடன் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.