தீ மூட்ட இடம் உண்டா?

பாடல் பதிவுக்கு ஸ்டுடியோ தேடியபோது நாங்கள் முதலில் கேட்டது வாடகையை அல்ல; பறை காய்ச்சத் தீ மூட்ட இடம் உண்டா என்பதைத்தான். சூடு ஆறினால் தோல் தளரும், ஓசை மங்கும்.

ஓரிடத்தில், "எதுக்குங்க தீயெல்லாம்? கீபோர்டுலயே பறை சத்தம் இருக்கு" என்றார்கள். சத்தம் இருக்கலாம்; அடிக்கிற ஆள் இல்லையே! சாவுக்கு அடிக்க ஆள் வேண்டும், பதிவறைக்குச் சத்தம் மட்டும் போதுமா?

வாசலில் மரத்தடி உள்ள வேறிடம் பிடித்தோம். நான்கு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் பறை காய்ச்சவும் மைக்கைத் தள்ளிவைத்துப் பார்க்கவும். பறையை முதலில் பதிந்தோம். குரல் அதன்மேல் ஏறியது. பாடகருக்கு என்ன ஊதியமோ அதேதான் பறைக் கலைஞருக்கும். பெயர்ப் பட்டியலில் 'தாளவாத்தியம்' அல்ல, 'பறை'. பக்கத்தில் அவர் பெயர்.

தோழர்களே, உங்கள் செலவுக் கணக்கின் முதல் வரியில் வைக்கோலை எழுதுங்கள்.