பழவேற்காட்டுக் கரையோரம் – 3: இன்றைக்கு யார் பாடு?

திருவிடந்தையில் வெப்பக்காற்று பலூன்களைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார்: "பழவேற்காடு ஏரிக்குப் போறீங்களே, அங்கேயும் ரெண்டு பலூன் பறக்கவிட்டா எவ்வளவு அழகா இருக்கும்!" ஏரியின் ஆந்திரப் பக்கம், சூலூர்ப்பேட்டையில் இறங்கியபோது எனக்கும் அந்த ஆசை இருந்தது. 2025 ஜனவரி 18 முதல் 20 வரை அங்கே பறவைத் திருவிழா. 2001இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்த விழா.

நிலையத்திலிருந்து திடலுக்கு ஆட்டோவில் 300 ரூபாய் வாங்கினார்கள். திரும்பும்போது அதே தூரத்துக்கு இன்னொருவர் 80 வாங்கினார். விழா நாள் என்றால் வெளியூர்க்காரன் தலையில் மிளகாய் அரைக்கலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! திடலில் மேடை, ஒலிபெருக்கி, காலடியில் எல்லாம் காகிதக் கப். அதைத் தாண்டிவிடுவோம்.

பார்க்க வேண்டியது ஸ்ரீஹரிக்கோட்டா சாலைதான். ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இருபுறமும் முழங்கால் அளவு தண்ணீரில் பூநாரைகள். ஒரு பறவையை மட்டும் தொலைநோக்கியில் பிடித்தேன். காலால் சேற்றை மிதித்துக் கலக்குகிறது; பிறகு தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி நீரில் வைத்துச் சிறு உயிர்களை அரித்தெடுக்கிறது. அந்தச் சிறு உயிர்களில் உள்ள நிறமிதான் அதன் இளஞ்சிவப்பு. யாரோ ஒரு கார்க்காரர் ஹாரனை அழுத்தினார். கூட்டம் மொத்தமும் எழும்பியது. இறக்கையின் அடியில் சிவப்பும் கறுப்பும் மின்ன, சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர வெகுநேரம் இறங்கவில்லை. ஒரு ஹாரனுக்கே இப்படி. தலைக்கு மேலே பலூனின் எரிவாயுச் சுடர் உறுமினால்? நண்பரே, பொள்ளாச்சியில் விடுங்கள், மதுரையில் விடுங்கள், இங்கே வேண்டாம்.

மறுநாள் பொன்னேரி வழியாகப் பஸ் பிடித்துத் தமிழ்நாட்டுப் பக்கம், பழவேற்காட்டுக்கு வந்தேன். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பி, இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறிவிட்டது, அதிகம் நிற்கவில்லை.

கரையில் ஓர் ஆள் காதோடு வந்து, "முகத்துவாரம் வரைக்கும் படகு போலாமா சார்?" என்றார். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஊரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் தடை. அவரிடம் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை. கோபமாகவே மறுத்தேன்.

இதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூப்பிட்டார். "நல்லா சொன்ன தம்பி. வெயில்ல நிக்காத, உள்ள வா. சாப்ட்டியா?"

மண்சட்டியில் மடவைக் குழம்பு, முந்தைய நாள் வைத்தது. புளி இறங்கி, மீன் உடையாமல் இருந்தது. தனியாகக் கொஞ்சம் இறால், மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வதக்கியது. தலையைக் கிள்ளாமல் போட்டிருந்தார். "தலையிலதான் ருசி, உறிஞ்சு" என்று நின்றுகொண்டே சொன்னார். உறிஞ்சினேன். சென்னையில் நான் காசு கொடுத்துத் தின்ற எந்த இறாலும் இதன் பக்கத்தில் நிற்காது. அடுப்படி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. விழாத் திடலை நினைத்துக்கொண்டேன்.

"அண்ணன் கடலுக்கா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல. வலை பின்னிக்கினு இருக்காரு."

பாடு என்பது ஏரியில் இறால் வலை போடும் முறை. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, சுற்றி வரும். முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் வலை இறங்காது. "பொழுதுக்கும் மீன் துள்ளினாலுமா?" என்றேன். "துள்ளட்டும். அவன் வூட்லயும் அடுப்பு எரியணும்ல" என்றார் வலையிலிருந்து கண் எடுக்காமல் அவர் கணவர்.

கிளம்பும்போது 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். அந்த அம்மா இறாலுக்கு மட்டும் கணக்குப் போட்டு 150 எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "எறாலு வித்தாக் காசு. சோத்துக்கு வாங்கினா நல்லா இருக்காது."

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை மேடையைச் சிறிதாக்கி, ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்களுக்குப் பத்து அடுப்பு வைக்க இடம் கொடுங்கள். முதல் ஆளாக வரிசையில் நான் நிற்கிறேன்.

(தொடரும்)