இரண்டாம் தலைமுறைக்குக் காத்திருத்தல்

ஆப்பிரிக்க வயலட்டின் இலையை ஊன்றிச் செடியைப் பெருக்குவது ஒரு வேலை. இரு செடிகளைக் கலந்து விதையிலிருந்து புதுவகை காண்பது முற்றிலும் வேறு வேலை. இலைச்செடியில் தற்செயலாகத் தோன்றிய நிறமாற்றத்துக்குப் பெயர் சூட்டி, அதனைப் புதுக் கலப்பினம் என விற்கும் இன்றைய வழக்கம், இனக்கலப்பாளரின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும். 1920களில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஆர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் பண்ணை, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருந்து வந்த விதைகளில் ஏறத்தாழ ஆயிரம் செடிகளை வளர்த்து, அவற்றுள் பத்தை மட்டுமே பெயருக்குரியவையாகத் தேர்ந்தது. கழிப்பதற்கு அஞ்சாத அந்த உறுதியே இக்கலையின் அடித்தளம்.

செய்முறை எளிது. பூவின் நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தப்பைகள் தாமாக எளிதில் திறவாமையால், அவற்றை நுண்ணிய கத்தியால் கீறி, உதிரும் பொடியைத் தாய்ப்பூவின் பிசுபிசுத்த சூல்முடியில் ஒற்ற வேண்டும். கரு தங்கினால் சூலகம் பருத்துக் காயாகி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதங்களில் பழுப்பேறிச் சுருங்கும். அதனுள் இருக்கும் தூசி போன்ற விதைகள் முளைப்பதற்கு ஒளி வேண்டுமாதலால், மண்ணால் மூடாமல் ஈர ஊடகத்தின் மேலேயே தூவப்படுகின்றன.

உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது. கலப்பில்லாத நீலத்தை இளஞ்சிவப்புடன் கலந்தால், நீலம் ஓங்கு பண்பு, அதாவது மற்றதை மறைத்து வெளிப்படும் பண்பு, ஆதலால் முதல் தலைமுறை முழுவதும் நீலமாகவே பூக்கும். மறைந்த இளஞ்சிவப்பு, அச்செடிகளைத் தம்முள் மீண்டும் கலந்தால், ஏறத்தாழ நான்கில் ஒன்றாக வெளிவரும். அதனுடன் இன்னோர் ஒடுங்கு பண்பும், அதாவது இவ்வாறு மறையும் பண்பும், வேண்டுமெனில் பதினாறில் ஒன்றே தேறும். காய் முற்றவும் நாற்று பூக்கவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறத்தாழ ஓராண்டு செல்வதால், முதல் தலைமுறையின் ஒரே நிறத்தைக் கண்டு சலித்தவர்கள், வேண்டிய பண்பைத் தம்முள் வைத்திருக்கும் செடிகளையே குப்பையில் எறிகிறார்கள். சிலர் அவற்றையே அவசரமாகப் பெயரிட்டு விற்கிறார்கள்.

வம்சக்குறிப்பும் இன்று புறக்கணிக்கப்படுகிறது. தாயை முதலிலும் தந்தையைப் பின்னரும் எழுதும் மரபு வெறும் சம்பிரதாயமன்று: ‘டாமி லூ’ வகையின் வெள்ளை விளிம்புள்ள இலை தாய்வழியே மட்டும் இறங்குவதால், அதனைத் தந்தையாக்கிப் பச்சைத் தாயுடன் கலந்தவருக்குப் பச்சை இலைச் செடிகளே கிடைக்கும். பெற்றோர் பெயர் எழுதாமல் விற்கப்படும் செடி எவ்வளவு அழகாயினும், அதனைக் கொண்டு அடுத்த கலப்பைத் திட்டமிட முடியாது. அதன் மறைபண்புகளை அறியவே இன்னொருவர் ஓராண்டு இழக்க நேரிடும்.